‘அழியாத கோலங்கள்’ படத்தை இன்றைய பிள்ளைகளோடு பார்க்கலாமா?

1979-ல் வந்த ‘அழியாத கோலங்கள்’ இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டலாம், ஆனால் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் படம் இது. ஒளிப்பதிவும் அவரே. கிராமத்தில் சுற்றித் திரியும் மூன்று பையன்கள், புதிதாக வரும் டீச்சராக ஷோபா, அவரை மணக்கப்போகிறவராக பிரதாப் போத்தன். கதை அவ்வளவுதான். அந்த வயதின் ஆசையையும் கூச்சத்தையும் மறைக்காமல் காட்டுகிறது, ஆனால் கொச்சைப்படுத்தவில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் அக்கா பிள்ளைகளோடு பார்த்தோம். நண்பர்களில் ஒருவன் தண்ணீரில் மூழ்கிப்போகும் இடம் வந்தபோது, தட்டுவடை செட்டை வாய்க்குக் கொண்டுபோன பையன் அப்படியே கையை இறக்கிவிட்டான். மேட்டூர், பூலாம்பட்டி என்று லீவுக்குக் காவிரியில் குதிக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வெறும் சினிமா இல்லை. நாம் ஆயிரம் முறை சொன்னாலும் இறங்காத பயம் அந்தக் காட்சியில் இறங்குகிறது.

அப்புறம் அக்கா மகள், “அந்த ஊர்ல பொண்ணுங்க எல்லாம் என்ன மாமா பண்ணிட்டிருந்தாங்க?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படம் முழுக்கப் பையன்களின் கண்ணால் நகர்கிறது. டீச்சரின் மனசுகூட நமக்கு அதிகம் தெரிவதில்லை. அதை ஒரு குறையாகவே நினைக்கிறேன்.

ஆரம்பம் மெதுவாகத்தான் போகும். சலில் சௌத்ரி இசையில் ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ பாட்டு வரும்வரை பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.