உடும்புக் குட்டியின் விலையும் அதன் இருப்பிடத்தின் விலையும்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகளின் மகனுக்கு வருகிற மாதம் 14 வயது நிறைகிறது. அங்குள்ள செல்லப்பிராணிக் கடை ஒன்றில் ஆபிரிக்க சவன்னா உடும்புக் குட்டியைப் பார்த்துவிட்டு, பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்கிறான். நான்கு அடி நீளமான கண்ணாடித் தொட்டி, ஒரு வெப்ப விளக்கு, மரச்சீவல் விரிப்பு ஆகியவற்றைக் குட்டியுடன் சேர்த்து ஒரே தொகுதியாகத் தருவார்களாம். உணவுக்கு எலிக்குஞ்சு போதும் என்றும் கூறியிருக்கிறார்கள். பணம் அனுப்புவதாக நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இந்தத் தொகுதி போதுமானதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

பதில்: போதாது. ஒப்புக்கொண்ட பணத்தை இப்போதைக்கு அனுப்பாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், வாங்குபவர் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் 2006 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி 16 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு விலங்கை விற்க முடியாது. பிள்ளையின் பொறுப்பில் இருக்கும் விலங்கின் நலனுக்கும் பெற்றோரே சட்டப்படி பொறுப்பாளிகள் ஆவார்கள். ஆகவே பரிசு பேரனுக்கு என்றாலும், கடமை உங்கள் மகளின் தலையில்தான் விழும். அவருடைய சம்மதமும், அவருடைய வீட்டின் அளவும் தெரியாமல் இதில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

இன்று உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குட்டி, நன்றாகப் பராமரிக்கப்பட்டால் விரைவாக வளர்ந்து மூன்று முதல் நான்கு அடி நீளமாகும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். வளர்ந்த சவன்னா உடும்புக்கு அனுபவமுள்ளவர்கள் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அடைப்பு எட்டு அடி நீளமும் நான்கு அடி அகலமும் நான்கு அடி உயரமும் கொண்டது. நான்கு அடித் தொட்டிக்குள் முழுதாக வளர்ந்த உடும்பினால் நேராக நீட்டிப் படுப்பதே கடினம். திரும்பவும் தோண்டவும் அதற்கு இடமே இராது.

தோண்டுவதுதான் இந்த விலங்கின் வாழ்க்கை என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மேற்கு ஆபிரிக்கப் புல்வெளிகளில் அது வெயிலின் கடுமையிலிருந்து தப்பவும், உடலின் ஈரத்தைக் காத்துக்கொள்ளவும், வறண்ட மாதங்களைக் கழிக்கவும் நிலத்துக்குள் புகுந்துகொள்கிறது. ஆகவே அடைப்பின் அடியில், வளை இடிந்து விழாதபடி ஈரமாக அழுத்தப்பட்ட மணலும் மண்ணும் கலந்த கலவை ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இருக்க வேண்டும். மரச்சீவலில் வளை தோண்ட முடியாது. அது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஈரம் கிடைக்காத உடும்புக்குத் தோல் ஒழுங்காக உரியாது. நாளடைவில் சிறுநீரகம் பழுதடைந்து, மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும். பெண் உடும்பாக இருந்தால், முட்டையிட ஆழமான மண் கிடைக்காத நிலையில் முட்டைகளை வயிற்றிலேயே தேக்கிவைத்து இறந்துபோகவும் கூடும்.

இங்கே நீங்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். எட்டு அடிக்கு நான்கு அடிப் பரப்பில் இரண்டு அடி ஆழத்துக்கு மண் நிரப்பினால் அது ஏறக்குறைய 1.8 கனமீற்றர் ஆகும். ஈரமண்ணின் எடையோடு பார்த்தால் இரண்டரை தொன்னுக்கும் அதிகமான பாரம். அடுக்குமாடி வீட்டின் மேல்தளத்திலோ, மரத்தளம் போட்ட அறையிலோ இதை வைக்க முடியாது. தரைத்தளத்தில், கொங்கிறீற் நிலமுள்ள அறை ஒன்று அவர்களிடம் இருக்கிறதா, அது வாடகை வீடு என்றால் வீட்டுச் சொந்தக்காரர் இதற்கு இணங்குவாரா என்பதை மகளிடம் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்ற பதில் வந்தாலும் இந்த எண்ணத்தை அத்துடன் விட்டுவிடுவதே விலங்குக்கும் வீட்டுக்கும் நல்லது.

வெப்பமும் ஒரே விளக்கினால் தீரும் விடயம் அல்ல. உடும்பு வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும்; சித்திரை மாத நண்பகலில் எங்கள் முற்றத்து மணல் வெறுங்காலைச் சுடுவதுபோன்ற சூடு அது. அதேவேளை அடைப்பின் மறுமுனை 25 பாகையளவில் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் விலங்கு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே தேடிச் சென்று எடுத்துக்கொள்ளும். சூடு உடல் முழுவதும் படரும்படி இரண்டு மூன்று ஹலஜன் விளக்குகளை வரிசையாகப் பொருத்த வேண்டும். ஒரே விளக்கைப் பொருத்தினால், மற்றப் பகுதிகள் சூடேறாதிருக்க, முதுகின் ஓரிடம் மட்டும் வெந்துபோகும். 75 வாற்று விளக்குகள் மூன்றை நாளுக்கு 12 மணித்தியாலம் எரித்தால் 2.7 அலகு மின்சாரம் செலவாகும். அதற்கு மேலாக, சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதற்கு உதவும் புறஊதாக் குழாய் விளக்கும் தேவை. அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் மங்கிவிடும் என்பதால், உற்பத்தியாளர் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும். சுவரில் ஒட்டும் வெப்பமானி காற்றின் வெப்பத்தையே காட்டும். மேற்பரப்பை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை விளக்குகளுக்கு முன்னதாகவே வாங்கச் சொல்லுங்கள். வலைமூடியுள்ள கண்ணாடித் தொட்டியிலிருந்து சூடும் ஈரமும் மேலே போய்விடும் என்பதால், நீர் புகாதபடி பூச்சுப் பூசிய ஒட்டுப்பலகையால் நான்கு பக்கமும் மேலும் அடைத்த பெட்டியே ஏற்றது.

உணவைப் பற்றிக் கடையில் சொன்னது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சவன்னா உடும்பு இயற்கையில் பெரும்பாலும் முதுகெலும்பில்லாத உயிர்களையே தின்கிறது: வண்டுகள், வெட்டுக்கிளிகள், சில்வண்டுகள், மரவட்டைகள், தேள்கள், நத்தைகள். எலியைத் தொடர்ந்து கொடுத்து வளர்த்தால் உடும்பு கொழுத்து அழகாகத் தெரியும். உள்ளே ஈரல் கொழுப்பேறிப் பழுதாகிக்கொண்டிருக்கும். எலிக்குஞ்சை இடையிடையே மட்டும், மிக அரிதாகக் கொடுக்கலாம். குட்டிக்கு நாள்தோறும் பூச்சிகள் வேண்டும். வளர்ந்த பின் வாரத்தில் சில தடவைகள் கொடுத்தால் போதும். பூச்சிகளுக்கு முதல் நாளே கீரையும் மரக்கறியும் தின்னக் கொடுத்து, பின் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுப்பது அவசியம். பூனை, நாய்களுக்கான தகரத்து உணவு வேண்டாம். பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்திலிருந்து பிடித்த நத்தையும் புழுவும் கூடாது. பூச்சிகளைக் கடையில் வாங்கிக்கொண்டே இருப்பது செலவு மிக்கது. டுபியா எனும் கரப்பான் இனத்தை வீட்டிலேயே பெருக்கி வளர்ப்பவர்கள் பலர். அதற்கு மகள் உடன்படுவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் இடமும் பணமும் மனமும் இருந்தால், ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரை முதலில் தேடிக்கொண்டு, பெட்டியை முழுதாக அமைத்து, வெப்பநிலையை ஒரு வாரம் அளந்து பார்த்த பின்னரே குட்டியை வாங்க வேண்டும். கானா, ரோகோ, பெனின் நாடுகளிலிருந்து வரும் குட்டிகளிற் பல, காட்டில் பிடிக்கப்பட்ட சினைப் பெண் உடும்புகளின் முட்டைகளிலிருந்து பொரித்தவை; குடற்புழுக்களோடும் நீரிழந்தும் வருவன உண்டு. மலப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் சல்மனெல்லாக் கிருமி இருக்கக்கூடும் என்பதால், தொட்ட பின் கையைச் சவர்க்காரத்தால் கழுவும் வழக்கம் வேண்டும். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் இந்தப் பேச்சையே தள்ளிவைக்கவும்.

பேரனுக்கு ஊர்வன மீது உண்மையான ஆர்வம் இருப்பதாகத் தெரிகிறது. அதை மழுங்கடிக்க நான் விரும்பவில்லை. சிறுத்தைப் பல்லி எனப்படும் லெப்பேட் கெக்கோ எட்டு அங்குலமளவே வளரும். அதையும் பூச்சி கொடுத்து, வெப்பம் அளந்து, பொறுப்போடுதான் வளர்க்க வேண்டும். நீங்கள் அனுப்ப எண்ணிய பணத்தில் அதற்குத் தகுந்த இருப்பிடத்தை முழுமையாகவே அமைத்துவிடலாம்.

கேள்வி: என் தம்பியின் மகள் இங்கிலாந்தில் ஒரு கடையில் வாங்கிய உடும்புக் குட்டி மூன்றாம் வாரத்தில் இறந்துவிட்டது. உயிருள்ள பொருளுக்குப் பணம் திரும்பத் தர முடியாது எனக் கடை மறுக்கிறது. இது சரியா?
– வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: சரியல்ல. அங்கு 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் விலங்குகளையும் பொருட்களாகவே கருதுகிறது. குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்துப் பணத்தைக் கோரலாம். ஆனால் நோய் வாங்கும்போதே இருந்ததா, வீட்டுப் பராமரிப்பால் வந்ததா என்ற கேள்வி உடனே எழும். ஆகவே உடலைக் குளிரூட்டி வைத்து, மிருக வைத்தியரிடம் பரிசோதனை அறிக்கை பெற்று, கடைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தனியாளிடம் வாங்கியிருந்தால் இந்த உரிமை மிகவும் குறைவு. இங்கிலாந்தில் விலங்கு விற்பதைத் தொழிலாகச் செய்பவர் உள்ளூராட்சி மன்ற அனுமதி பெற்று, அதன் இலக்கத்தை விளம்பரத்தில் காட்ட வேண்டும். அது இல்லாத விளம்பரத்தை நம்பக்கூடாது.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஒருவர் பனங்கூடலில் பிடித்த இரண்டு உடும்புகளைக் கூட்டில் வைத்து, வளர்க்க விரும்புவோருக்கு விற்பதாகச் சொல்கிறார். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: வாங்கவே கூடாது. இலங்கையின் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எங்கள் நில உடும்பும், சிங்களத்தில் கபரகொயா எனப்படும் நீர் உடும்பும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். இறைச்சிக்கோ, கஞ்சிராவுக்கான தோலுக்கோ கொல்வதும் அவ்வாறே. நில உடும்பு, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் (CITES) உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருப்பதால், அதன் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. பரிதாபப்பட்டுப் பணம் கொடுத்து மீட்க நினைத்தாலும், அவர் அடுத்த வாரமே வேறு இரண்டைப் பிடிப்பார்.

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். அலுவலர்கள் வரும்வரை அவற்றுக்கு உணவு கொடுக்கத் தேவையில்லை. கூடு நிழலில் இருக்கவும், உள்ளே தண்ணீர் வைக்கவும் அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டின் அருகே விட வேண்டாம். அஞ்சிய உடும்பு கடிக்கும், வாலாலும் அடிக்கும்.