அன்றாட அப்பமா, நாளைய அப்பமா?

கேள்வி: இயேசு கற்பித்த ஜெபத்தில், மத்தேயு 6:11-ல் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று வாசிக்கிறோம். ஜெபமாகச் சொல்லும்போது 'அன்றாட அப்பம்', 'அனுதின உணவு' என்கிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு எது சரியான பொருள்?

பதில்: அங்குள்ள சொல் 'எபியூசியோஸ்'. புதிய ஏற்பாட்டில் அது மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டே இடங்களில், இதே ஜெபத்தில்தான் வருகிறது. கிரேக்கத்தைத் தாய்மொழிபோல் அறிந்திருந்த வேத அறிஞர் ஓரிகேன், மூன்றாம் நூற்றாண்டிலேயே, 'இது எழுத்தாளர்களிடமும் இல்லை, மக்கள் பேச்சிலும் இல்லை; சுவிசேஷகர்களே உண்டாக்கியதுபோல் தெரிகிறது' என்று எழுதிவிட்டார்.

எகிப்தின் ஹவாராவில் கிடைத்த ஒரு செலவுக் கணக்குப் பாப்பிரஸில் (பழங்கால நாணற்புல் ஏட்டில்) இச்சொல் இருப்பதாக 1889-ல் பதிப்பித்தார்கள். அதை வைத்து 'தினப்படி' என்ற பொருள் உறுதியாயிற்று என்று பல அகராதிகள் எழுதின. பிறகு அந்த ஏடு காணாமற்போனது. 1998-ல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டபோது திரும்ப வாசித்தார்கள். அங்கே இருந்தது 'எலாயூ', அதாவது எண்ணெய். பழைய விளக்கவுரை வைத்திருப்பவர்கள் இந்தச் சான்றை இனி எடுத்துக்காட்ட வேண்டாம்.

மிஞ்சுவது சொல்லின் பிறப்பு. 'எபி' என்ற முன்னொட்டோடு 'ஊசியா' (இருப்பு, சாரம்) சேர்ந்தது என்றால் 'வாழ்வுக்கு வேண்டிய' என்று பொருள்படும். ஆனால் அப்படிச் சேரும்போது 'எபி'யின் கடைசி இகரம் கெடுவதே வழக்கம், இங்கே கெடவில்லை. 'ஹே எபியூசா' (அடுத்த நாள்) என்பதிலிருந்து வந்தது என்றால் இந்தச் சிக்கல் இல்லை. அப்போஸ்தலர் 16:11-ல் 'மறுநாள்' என்பதற்கு அந்தச் சொல்தான் நிற்கிறது. வேதாகமத்தில் சேராத 'எபிரெயர் சுவிசேஷம்' என்ற பழைய நூலில் 'மாஹார்', அதாவது 'நாளைய' என்று இருந்ததாக, வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் குறித்திருக்கிறார். ஆகவே 'வரும் நாளுக்கான அப்பம்' என்பதே எனக்கு வலுவாகப் படுகிறது. காலையில் ஜெபித்தால் அன்றைய படி, இரவில் ஜெபித்தால் விடிந்தபின் வேண்டிய படி. தமிழ் வேதாகமத்தின் 'வேண்டிய' என்பதும் தவறல்ல. பெஷித்தா என்ற பழைய சீரிய மொழிபெயர்ப்பும் 'எங்கள் தேவைக்கான அப்பம்' என்றே சொல்கிறது. நீதிமொழிகள் 30:8-ன் 'என் படியை எனக்கு அளந்து' என்ற வேண்டுதலும் அதற்குத் துணை நிற்கிறது.

வெறுமனே 'தினசரி' என்று சொல்லக் கிரேக்கத்தில் வேறு சொற்கள் கைவசம் இருந்தன. அப்போஸ்தலர் 6:1-ன் 'அன்றாட விசாரணை'யில் (தினசரி பராமரிப்பில்) இருப்பது 'காதேமெரினோஸ்'. யாக்கோபு 2:15-ன் 'அநுதின ஆகாரம்' என்பதில் 'எஃபேமெரோஸ்'. மூன்றையும் ஒரே சொல்லாக எண்ணிப் பிரசங்கக் குறிப்பு எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வேதாகம மூலச் சொற்களுக்கு ஸ்ட்ராங் அகராதி தரும் எண்கள், எபியூசியோஸ், காதேமெரினோஸ், எஃபேமெரோஸ் என்ற வரிசையில், 1967, 2522, 2184. தமிழ்ச் சொல்லைத் தேடாமல் எண்ணைத் தேடினால் குழப்பம் வராது.

கேள்வி: 'நான் அநுதினமும் சாகிறேன்' (1 கொரிந்தியர் 15:31) என்பதிலும் இதே சொல்லா?

பதில்: இல்லை. அது 'கத் ஹேமெரான்', நாள்தோறும். லூக்கா 9:23-ல் சிலுவையை 'அநுதினமும்' எடுப்பதும், லூக்கா 11:3-ன் 'அன்றன்றும்' என்பதும் இதே தொடர்தான். கொரிந்தியர் வசனத்தைச் சுயத்துக்குச் சாவதாக விளக்குமுன் 30, 32-ம் வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். எந்நேரமும் நாசமோசம் (ஆபத்து), எபேசுவில் துஷ்டமிருகங்களோடு போராட்டம் என்று பவுல் தொடர்கிறார். அவர் பேசுவது நாள்தோறும் தம் உயிருக்கு இருந்த ஆபத்தைப் பற்றி.