'கம்பெனி ஆஸ்துமா' என்று யாரை எழுதுவது?

கேள்வி: முதுகலை சமூகப்பணி மாணவி நான். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் ஆஸ்துமா எதனால் வருகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறோம். கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இருந்தால் 'தொழில் ஆஸ்துமா', ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடியிருந்தால் 'அலர்ஜி ஆஸ்துமா' என்று பிரிக்கலாமா டாக்டர்?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதல் பிரிவை இன்றே அடித்துவிடுங்கள். கம்பெனி வேலையை வைத்தே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டு, கடைசியில் 'இந்த நோய்க்குக் காரணம் கம்பெனி வேலை' என்று அட்டவணை போட்டால் அது கண்டுபிடிப்பா? வேலைக்கும் இளைப்புக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் சம்பந்தம் வந்தே தீரும். நோயை அறிகுறியையும் ஊதிப் பார்க்கும் சோதனையையும் வைத்து முடிவு செய்யுங்கள். ஊதவைக்கிறவருக்கு, எதிரே இருப்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், 'இப்போது என்ன வேலை?' என்று மட்டும் கேட்காதீர்கள். மூச்சு வாங்குகிறது என்று வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்தான் உங்களுக்கு முக்கியமான ஆள்.

ஈசினோபில் அதைவிட வம்பு. போன மழைக்காலத்தில் ஒரு மீனவர் வந்தார். நள்ளிரவில் வறட்டு இருமல், வீசிங். கையில் ஆஸ்துமா என்று எழுதிய பழைய சீட்டு, பிளாஸ்டிக் பையில் இன்ஹேலர். ஈசினோபில் மைக்ரோலிட்டருக்கு 4,000-க்கு மேல்! ஆஸ்துமாவில் நாங்கள் 300, 500 என்றுதான் பேசுவோம். 3,000 தாண்டினால் நம் கரையில், கொசு பரப்பும் யானைக்கால் புழுவை நினைக்காமல் இருக்க முடியாது. அந்தப் புழுவுக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பு அது. அந்தப் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரையை 3 வாரம் சாப்பிட்டார், இருமல் நின்றது. உங்கள் கணக்கில் அவர் 'அலர்ஜி ஆஸ்துமா'வாகியிருப்பார். கொசுக்கடி அலர்ஜிக்குக் காரணம் என்றுகூட முடிவு வந்திருக்கும்.

குடல்புழு இருந்தாலும் ஈசினோபில் ஏறும், அலர்ஜியில் கூடும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதமும் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் ஈசினோபில் இறங்கிவிடும். அலர்ஜியே இல்லாமல் நடுவயதில் ஈசினோபில் ஆஸ்துமா வருகிறவர்களும் உண்டு. ஆகவே எண்ணை எண்ணாகவே எழுதி வையுங்கள், கூடவே என்ன மாத்திரை, இளைப்பு எந்த வயதில் தொடங்கியது என்பதையும். பிரிப்பதைப் பிறகு பார்க்கலாம். பிரித்தபின் ஒவ்வொரு வகையையும் ஆஸ்துமா இல்லாதவர்களோடு ஒப்பிடுங்கள். நோயாளிகளை நோயாளிகளோடு மட்டும் ஒப்பிட்டால் காரணம் பிடிபடாது.

கேள்வி: என் 2 வயது மகனுக்குச் சளி பிடித்தாலே வீசிங். பள்ளிப் படிவத்தில் ஆஸ்துமா என்று எழுதவா?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-ல் தொடங்கி, குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். 3 வயதுக்குள் வீசிங் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 6 வயதில் அது இல்லை. இப்படி நின்றுபோனவர்களிடம் தெரிந்தது தாயின் புகைப்பழக்கம். தொடர்ந்தவர்களிடம் தாயின் ஆஸ்துமாவும் கூடுதல் ஐ.ஜி.இ.யும். (முதுநகர் மாணவியும் இதைப் படிக்கட்டும்: இரண்டு கூட்டத்தையும் ஒரே பெயரில் கலந்திருந்தால் இந்த வித்தியாசம் மங்கிப் போயிருக்கும்.) படிவத்தில் 'சளியோடு வரும் வீசிங்' என்றே எழுதுங்கள். வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா உள்வாங்கினால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.