உலாவியில் நினைவகக் கசிவு: மடிக்கப்படாத இலைகள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் பணியாற்றுகிறேன். கொள்கலன்களின் நடமாட்டத்தைக் காட்டும் எங்கள் இணையச் செயலியைப் பணியாளர்கள் காலையில் குரோம் உலாவியில் திறந்தால் மாலை வரை மூடுவதில்லை. மதியத்திற்குள் திரை தடுமாறுகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் தன் நினைவகத்தைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் இந்தக் கசிவு, அதாவது வேண்டாத தரவுகள் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போவது, ஐயா? கணினிகளுக்குக் கூடுதல் ரேம் வாங்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வணக்கம். ரேம் வாங்கவேண்டாம். 2020-இல் வந்த குரோம் 80 முதல், 64-பிட் கணினியிலும் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களுக்கான இடம் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அதற்கு மேல் எவ்வளவு ரேம் இருந்தாலும் கசிவு அந்த எல்லையில்தான் போய் முட்டும்.

நீங்கள் படித்தது உண்மை; ஆனால் அதில் பாதி விடுபட்டிருக்கிறது. அந்தத் துப்புரவைச் செய்யும் குப்பை சேகரிப்பான் ஒரு பொருள் இனித் தேவைப்படுமா என்று ஆராய்வதில்லை. பொது மாறிகள், இயங்கிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்கள் போன்ற வேர்களிலிருந்து புறப்பட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றாகச் சென்று சேரக்கூடிய அனைத்தையும் குறித்துவைத்து, சேர முடியாதவற்றை மட்டுமே அகற்றுகிறது. ஜார்ஜ் டவுனில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டவர் இலையை மடித்துவிட்டு எழுந்தால் மேசை துடைப்பவர் உடனே எடுத்துவிடுவார்; மடிக்காமல் போனால், ஆள் கைகழுவிவிட்டுத் திரும்பி வருவார் என்று விட்டுவைப்பார். உங்கள் செயலியில் காலை முதல் இப்படி மடிக்கப்படாத இலைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

நாள் முழுதும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் திரை என்பதால், நான் முதலில் ஐயப்படுவது, குறித்த இடைவெளியில் ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப இயக்கும் செட்இன்டர்வல் டைமர்களையும், சொடுக்கு போன்ற நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் ஈவென்ட் லிஸனர்களையும்தான். ஒரு கொள்கலனின் விவரப் பெட்டி திறக்கும்போது டைமர் தொடங்கி, மூடும்போது நிறுத்தப்படாவிட்டால், அந்த டைமரின் ஃபங்ஷன் தொட்ட தரவுகள் யாவும் அதனுடன் பிழைத்திருக்கும். பக்கம் முழுவதற்கும் பொதுவான விண்டோ பொருளில் மாட்டிய லிஸனரும் அப்படியே. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அபார்ட்கன்ட்ரோலரை உருவாக்கி, அதன் சிக்னலை எல்லா லிஸனர்களுக்கும் கொடுத்துவிட்டால், பெட்டி மூடும்போது ஒரே அழைப்பில் அனைத்தும் விலகிவிடும். டைமரைத் தனியே கிளியர்இன்டர்வல் கொண்டு நிறுத்தவேண்டும்.

அடுத்தது, பக்கத்திலிருந்து நீக்கப்பட்டும் உயிரோடிருக்கும் டாம் உறுப்புகள், அதாவது பொத்தான், அட்டவணை போன்ற பக்கத்தின் பகுதிகள். அட்டவணையை அகற்றிவிட்டோம் என்று நினைப்போம். ஆனால் அதன் ஒரே ஒரு கட்டத்தை ஏதோ ஒரு மாறி பிடித்துக்கொண்டிருந்தால், கட்டம் வரிசையையும் வரிசை அட்டவணையையும் அறியும் என்பதால், அட்டவணை முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும். இதைப் பலரும் நம்ப மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஊகிக்காமல் அளந்து பாருங்கள்.

அளப்பதற்குக் குரோமிலேயே உள்ள டெவ்டூல்ஸ் என்ற நிரலாளர் கருவிகளில் மெமரி பகுதி இருக்கிறது. நீட்சிகள் குழப்பாதிருக்க மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, விவரப் பெட்டியை ஒரு முறை திறந்து மூடிய பிறகு நினைவகத்தில் அக்கணம் இருக்கும் பொருள்களின் பதிவான ஹீப் ஸ்னாப்ஷாட்டில் முதலாவதை எடுங்கள். முதல் முறை மட்டும் நிகழும் ஒதுக்கீடுகள் இதனால் கணக்கில் சேராது. பின்னர் அதே செயலைச் சரியாக ஏழு முறை செய்து, இரண்டாவதை எடுத்து ஒப்பிடுங்கள். புதிதாகத் தங்கியவற்றில் ஏழாகவோ ஏழின் மடங்காகவோ வரும் எண்ணிக்கை தற்செயலாக அமைவது அரிது. அதுவே உங்கள் தடயம். டிடாச்ட் என்று தேடினால் நீக்கப்பட்ட உறுப்புகள் வரும். அவற்றில் ஒன்றைச் சொடுக்கினால், கீழே ரிடெய்னர்ஸ் பட்டியலில் அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது வேர் வரைக்கும் தெரியும். என் அனுபவத்தில் நேரம் அதிகம் போவது இந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பதில்தான். திருத்தம் பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. கன்சோலில் அச்சிட்ட பொருள்களும் நினைவகத்தில் தங்கக்கூடும் என்பதால், சோதனைக்கு முன் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

நினைவக வரைபடம் ஏறி இறங்குவதைக் கண்டு அஞ்சவேண்டாம், அது இயல்பு. ஒவ்வொரு துப்புரவுக்குப் பிறகும் அடிமட்டம் முந்தையதைவிட உயர்ந்துகொண்டே போனால்தான் கசிவு.

கேள்வி: எங்கள் குழுவில், சாவியைக் கொடுத்து மதிப்பைத் தேடி எடுக்கும் ஜாவாஸ்கிரிப்டின் மேப்புக்குப் பதிலாக எல்லா இடங்களிலும் வீக்மேப்பைப் பயன்படுத்தினால் கசிவே வராது என்கிறார்கள். சரியா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: சில இடங்களில் மட்டுமே சரி, அம்மா. 2015-இல் மொழியில் சேர்ந்த வீக்மேப், தன் சாவியாக இருக்கும் பொருளைப் பிடித்துவைப்பதில்லை. ஆகவே ஒரு டாம் உறுப்போடு கூடுதல் தகவலைச் சேர்த்துவைக்க மிகப் பொருத்தமானது. ஆனால் எழுத்துச்சரத்தையோ எண்ணையோ அதற்குச் சாவியாகக் கொடுக்க முடியாது. வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டு தேடும் தற்காலிகச் சேமிப்புக்கு மேப்பையே வைத்துக்கொண்டு, இத்தனை பதிவுகளுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பிட்டு, வரம்பைத் தாண்டும்போது மிகப் பழையதை நீக்குங்கள். மேப் தன் பதிவுகளைச் சேர்த்த வரிசையிலேயே வைத்திருப்பதால், முதலில் நிற்பதே பழையது.