கடும்பனிக் காலத்தில் காட்டு மான்களுக்கு உணவிடலாமா? கேள்விகளும் பதில்களும்

காட்டுயிர் மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தக் குளிர்காலத்தில் நண்பர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குப் பின்புறம் முழங்காலளவு பனி கிடக்கிறது. மூன்று மான்கள் நாள்தோறும் வந்து நிற்கின்றன. விலா எலும்புகள் எண்ணும்படி தெரிகின்றன. ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கிக் கொட்டலாமா, ஐயா?

பதில்: வேண்டாம். மான் அசைபோடும் விலங்கு. அது தின்பதை அதன் முதல் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே முதலில் சிதைக்கின்றன. கோடையில் தளிரும் சிறுசெடியும், இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டைகளும், பனிக்காலத்தில் சுள்ளியும் மொட்டும் ஊசியிலையும் என்று மானின் உணவு படிப்படியாக மாறும்போது, அந்த நுண்ணுயிர்க் கூட்டமும் அதற்கேற்ப வாரக்கணக்கில் தன்னை மாற்றிக்கொள்கிறது. நார் நிறைந்த சுள்ளிக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து மிகுந்த தானியம் விழுந்தால், மாவை உண்ணும் நுண்ணுயிர்கள் மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. இரைப்பைச் சுவர் வெந்து, உடலின் நீரெல்லாம் குடலுக்குள் இழுக்கப்பட்டு, அமிலம் இரத்தத்திலும் கலக்க, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மான் இறந்துவிடக்கூடும். இப்படி இறந்த மானின் வயிற்றைத் திறந்தால் புளித்த கூழும் முழுச் சோளமணிகளுமாக நிறைந்திருக்கும். நன்றாகக் கொழுத்த மானும் இதற்குத் தப்புவதில்லை என்பதால், உங்கள் மூன்று மான்களும் மெலிந்திருப்பதை மட்டும் காரணமாகக் கொண்டு நான் இதைச் சொல்லவில்லை.

கேள்வி: தானியம் கூடாதென்றால் உலர்புல் போடலாமே? ஆடு மாடுகள் அதைத்தானே தின்கின்றன?

பதில்: மாட்டின் இரைப்பை பெரியது, முரட்டுப் புல்லை நாள் கணக்கில் ஊறவைத்துச் செரிக்க அதற்கு இயலும். உடலளவோடு ஒப்பிட்டால் மானின் இரைப்பை சிறியது. புல்லைவிட மொட்டையும் இளங்கிளையையும் தேர்ந்து கடிக்கும் வாய் அதற்கு. பழகாத உலர்புல் உள்ளே போய் அடைத்துக்கொண்டு, நிறைந்த வயிற்றோடு மான் பட்டினியால் சாகும்.

கேள்வி: ரொட்டி, ஆப்பிள், கேரட்?

பதில்: மூன்றும் கூடா, முதல் பதிலில் சொன்ன காரணமே இவற்றுக்கும் பொருந்தும்.

கேள்வி: கண்ணெதிரே ஓர் உயிர் பசியால் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அறமா?

பதில்: இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது முழுவதும் பசியன்று. வடபுலத்து மான் இலையுதிர்காலத்திலேயே கொழுப்பைச் சேர்த்துவைத்துக்கொண்டு, பனி தொடங்கியதும் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறது. பண்ணையில் தொட்டி நிறையத் தீனி இருந்தாலும் அது பனிக்காலத்தில் தானாகவே குறைவாகத்தான் தின்கிறது. உள்ளீடற்ற மயிர்களாலான அதன் குளிர்காலப் போர்வை எவ்வளவு சிறந்ததென்றால், முதுகில் விழுந்த பனி உடற்சூட்டால் உருகாமல் அப்படியே கிடக்கும். ஊசியிலை மரங்களின் அடியில், காற்றும் ஆழ்பனியும் குறைந்த இடத்தில் கூட்டமாக ஒதுங்கி, மிதித்துச் செய்த தடங்களிலேயே நடந்து அது வசந்தத்தை எட்டுகிறது. உணவிட்டால் அந்த ஒதுக்கிடத்தை விட்டு ஆழ்பனியில் நடந்து உங்கள் முற்றத்துக்கு வரும். வழியில் செலவாகும் கொழுப்பை நீங்கள் இடும் தீனி ஈடுசெய்வதில்லை. நெடிய பனிக்காலத்தில் சில மான்கள், அவற்றிலும் முதலில் குட்டிகள், இறக்கத்தான் செய்யும் என்பதை நான் மறைக்கவில்லை.

கேள்வி: நான்கைந்து மான்கள்தாமே வருகின்றன, நோய் எங்கிருந்து பரவப்போகிறது?

பதில்: காட்டில் பரவலாக மேயும் மான்கள் உங்கள் தொட்டியில் எச்சிலைப் பகிர்கின்றன. 1994-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேட்டையாடப்பட்ட ஒரு வெள்ளைவால் மானில் மாட்டுக் காசநோய் கண்டறியப்பட்டபோது, மான்கள் நெருக்கமாகக் கூடும்படி ஆண்டுக்கணக்கில் தீனி கொட்டியதே நோய் நிலைகொள்ளத் துணைசெய்தது என்று ஆய்வாளர்கள் கருதினர். அதனினும் கொடியது மான்களின் மெலிவுநோய். 1967-இல் கொலராடோவில் அடைப்பில் வளர்ந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட இந்நோயைப் பரப்புவது ப்ரியான் என்னும் பிறழ்ந்த புரதம். எச்சில், சிறுநீர், சாணம் வழியாக மண்ணில் கலந்து ஆண்டுக்கணக்கில் வீரியம் குன்றாமல் கிடக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோயுற்ற மான் ஓராண்டுக்கும் மேலாக நலமாகவே தோன்றக்கூடும் என்பதால், பார்த்து ஒதுக்கிவிடலாம் என்பதும் நடவாது. 2016-இல் நார்வேயின் காட்டு ரெயின்டீர்களில் அது கண்டறியப்பட்டபின், நூர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியின் ஒரு மந்தை முழுவதையும், ஏறத்தாழ 2,000 விலங்குகளை, அந்நாட்டு அரசு கொன்று அகற்ற நேர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியருகே வலுத்த மான்கள் குளம்பால் உதைத்து மற்றவற்றை விரட்டிவிடும். யாரை எண்ணித் தீனி இட்டீர்களோ அந்தக் குட்டி ஓரத்தில் நின்று குளிரில் வேடிக்கை பார்க்கும்.

கேள்வி: அரசுகளே சில இடங்களில் உணவிடுகின்றனவே?

பதில்: உண்மைதான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் ஊரை ஒட்டி 1912-இல் அமைக்கப்பட்ட தேசிய எல்க் காப்பகம் அதற்கு எடுத்துக்காட்டு. எல்க் மான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் மனிதர் குடியேறிவிட, அவை கூட்டமாக மடிந்ததால் உணவிடல் தொடங்கியது. குதிரைமசால் குருணையைப் பனிக்காலங்களில் பரப்புகிறார்கள். நூறாண்டுக்குப் பின்னும் நிறுத்த வழி தெரியவில்லை. அங்கே கூடும் எல்க்குகளிடையே கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் என்னும் தொற்றுநோய் நிலைத்துவிட்டது. ஆஸ்திரியாவில் செம்மான்களுக்கு உணவிடும் வழக்கம் சட்டத்துக்குட்பட்டு நடக்கிறது. உரிய தீனியை இலையுதிர்காலத்திலேயே தொடங்கி, வசந்தம்வரை ஒருநாளும் தவறாமல் இடவேண்டிய பொறுப்பு அது. பனி கொட்டிய வாரத்தில் இரக்கம் வந்து ஒரு மூட்டையைப் பிரிப்பதோடு அதை ஒப்பிட முடியாது.

கேள்வி: தெரியாமல் இரண்டு மாதமாக உணவிட்டுவிட்டேன். நாளையே நிறுத்திவிடட்டுமா?

பதில்: முதலில் உங்கள் பகுதியின் வனத்துறையைக் கேளுங்கள். மெலிவுநோய் உள்ள பகுதியானால் அல்லது உணவிடல் அங்கே சட்டவிரோதமானால் உடனே நிறுத்தத்தான் வேண்டும். அப்படி இல்லையென்றால், நடுக்குளிரில் ஒரேயடியாக வெட்டாமல், இரண்டு மூன்று வாரங்களில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மான்கள் மீண்டும் சுள்ளிக்குத் திரும்ப இடம் கொடுங்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் தொடங்காதீர்கள்.

கேள்வி: பிறகு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா, அம்மாவும் பிள்ளைகளும் கேட்கிறார்கள்?

பதில்: இருக்கிறது. நாயைக் கட்டிவையுங்கள், ஆழ்பனியில் ஒருமுறை வெருண்டு ஓடும் மான், பல நாள் உயிர்வாழத் தேவையான கொழுப்பை எரித்துவிடுகிறது. பனிச்சறுக்கும் பனி வண்டியும் மான் ஒதுங்கும் தோப்புகளுக்குள் போகவேண்டாம். சொந்தக் காடு இருந்தால், வெட்ட எண்ணியிருக்கும் மேப்பிள் போன்ற மரங்களைக் குளிர்காலத்திலேயே சாய்த்து, உச்சிக்கிளைகளை அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றின் மொட்டுகள் மானின் வயிறு பழகிய உணவு. ஊசியிலைத் தோப்பை மட்டும் வெட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேலை தரவேண்டுமானால் குறிப்பேடு ஒன்றைக் கொடுங்கள்: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தரையில் 45 செ.மீ.க்கு மேல் பனி கிடந்த நாள்களையும், வெப்பநிலை −18 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கிய நாள்களையும் எண்ணிக் கூட்டித்தான் அந்தக் குளிர்காலம் மான்களுக்கு எவ்வளவு கடுமையானது என்று கணிக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தே அவர்களும் எண்ணலாம்.