கிண்ணம் காலியானதும் கடைக்கு ஓடாதீர்கள்

வயதான நாய்க்கு எந்தத் தண்ணீர்ப் பாத்திரம் வாங்கலாம் என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். அடி அகலமான எவர்சில்வர் கிண்ணம் போதும், நான் வாங்கிய மோட்டார் நீரூற்று பரணில் கிடக்கிறது என்று எழுதினேன். அதிலிருந்து தாகத்தைப் பற்றியே கடிதங்கள் வருகின்றன.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது. இரண்டு மாதமாக ஓயாமல் தண்ணீர் குடித்துவிட்டு இரவில் கூடத்தை நனைக்கிறது. டயபருக்கே மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. விலை குறைந்த, நல்ல டயபர் எது? (அம்மாப்பேட்டை)

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் டயபரின் அளவு, ஒட்டு, நிறம் எல்லாம் இருக்கின்றன. நாய் எவ்வளவு குடிக்கிறது என்பது மட்டும் இல்லை. காலையில் லிட்டர் குவளையில் அளந்து ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் இப்படிப் பாருங்கள். எடையில் கிலோவுக்கு ஒரு நாளில் 100 மில்லியைத் தாண்டினால் நாயிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். பூனைக்கு 50 மில்லியே அதிகம். உங்கள் நாய் 30 கிலோ என்றால் 3 லிட்டர். கத்திரி வெயிலில் சேலத்து நாய் கூடுதலாகக் குடிப்பது இயல்பு. நீங்கள் எழுதியதோ மார்கழியில்.

சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், அட்ரினல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் ஆகியவை வழக்கமான காரணங்கள். குஷிங்கில் பசி கூடும், வயிறு தொங்கும், முடி கொட்டும். காலையின் முதல் சிறுநீரை நீளப்பிடிக் கரண்டியில் பிடித்து, சுத்தமான டப்பாவில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். டயபர் பிறகு.

கேள்வி: இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டால் வீடு நனையாது அல்லவா? (சூரமங்கலம்)

பதில்: நாய் செத்தாலும் வீடு நனையாது. கிண்ணத்தை இப்போதே திரும்ப வையுங்கள்.

கேள்வி: 9 வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. போன மாதம் பருவத்துக்கு வந்தது. ஒரு வாரமாக நிறையத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிடவில்லை, சோர்ந்து கிடக்கிறது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைக்காரர் கம்பளிச் சட்டை எடுத்துக் காட்டுகிறார். வாங்கலாமா? (ஏற்காடு)

பதில்: இவருக்குக் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: சட்டை வேண்டாம், வண்டி பிடியுங்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் இப்படித்தான் தொடங்கும். கசிவு வெளியே தெரியாத வகை இன்னும் ஆபத்தானது. ஒரு நாள் தாமதமும் உயிரை வாங்கும்.

கேள்வி: 13 வயதுப் பூனை. இளைத்துக்கொண்டே போகிறது, குழாயடியை விட்டு நகர்வதில்லை. இணையத்தில் ‘சிறுநீரகத்தைப் புதுப்பிக்கும் மூலிகை டானிக்’ 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று குப்பி முடிந்தும் பலன் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: நீங்கள் அனுப்பிய குப்பியின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தயாரிப்பாளர் முகவரி இல்லை. தயாரித்த மாதம் இல்லை. என்ன மூலிகை என்று இல்லை. சிரிக்கும் பூனை ஒன்று இருக்கிறது.

இந்த டானிக் வியாபாரத்தைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம். பொட்டலமிட்ட பண்டத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. கடையில் தொங்கும் சீயக்காய்ப் பொட்டலம்கூட அதற்குக் கட்டுப்படுகிறது. வாயில்லாத பிராணிக்கு ஊற்றும் மருந்தில் எதுவும் இல்லை. கேட்டால் ‘இயற்கை’ என்கிறார்கள். அரளியும் இயற்கைதான். நாள்பட்ட நோயில் கெட்டுப்போன சிறுநீரகத் திசுவை எந்த டானிக்கும் புதுப்பிக்காது. ஏறக்குறைய முக்கால் பங்கு வேலை போன பிறகுதான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிக் காட்டும். அதற்கு முன்பே சிறுநீர் தண்ணீராக நீர்த்துப் போகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பிடித்தால் பாஸ்பரஸ் குறைந்த உணவு, போதிய நீர் என்று பூனையைப் பல நாள் நன்றாக வைத்திருக்கலாம். மூன்று குப்பி தின்றது பணத்தை மட்டுமல்ல, அந்த நாட்களையும்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன், பயந்தவரிடம்தான் இப்படி விற்க முடியும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்றே பதிவு செய்யுங்கள். காலிக் குப்பிகளை எறியாதீர்கள். பூனைக்கு ரத்தமும் சிறுநீரும் பாருங்கள். நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரிப்புக்கு மருத்துவர் ஐந்து நாள் எழுதிய மாத்திரையைக் கடையில் சீட்டில்லாமல் நான்கு மாதமாக வாங்கிக் கொடுக்கிறேன். நாய்க்கு இப்போது அடங்காத தாகம். மாத்திரை போலியா? (குகை)

பதில்: மாத்திரை அசல்தான். நீங்கள் பெயர் எழுதியிருக்கும் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு. தாகம் அதன் குணம். ஐந்து நாள் என்பதை நான்கு மாதமாக்கியது நீங்கள். சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: நாய்க்குச் சர்க்கரை. இன்சுலினுக்கு மருந்துக்கடையில் கொடுத்த சிரிஞ்சையே பயன்படுத்தினேன். மூன்று வாரமாகியும் தாகம் குறையவில்லை. இன்சுலின் 40, சிரிஞ்சு 100 என்று இப்போதுதான் தெரிந்தது. ‘பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு’ என்கிறார் கடைக்காரர். (கொண்டலாம்பட்டி)

பதில்: அவர் சொன்னது அநியாயம். மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினை மில்லிக்கு 100 யூனிட் என்று குறித்த சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். தலைகீழாக நடந்தால் இரண்டரை மடங்கு ஏறி நாய் மயங்கி விழும். ஒரு எச்சரிக்கை: சர்க்கரை குறையவில்லை என்று மருத்துவர் இடையில் அளவைக் கூட்டியிருந்தால், சரியான சிரிஞ்சில் அதே அளவைப் போடாதீர்கள். முதலில் அவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். சீட்டு, பில், சிரிஞ்சு உறை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முறையீட்டுக் கடிதம் எழுத உதவி வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பரணில் கிடக்கும் அந்த மோட்டார் நீரூற்றை எனக்கு விற்பீர்களா? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: 2,400 ரூபாய்க்கு வாங்கியது. ஓடும் தண்ணீர் என்றால் பிராணிகள் விரும்பிக் குடிக்கும் என்றார்கள். என் மணியும் குடித்தாள், நாளுக்கு நாள் அதிகமாக. காசு வீண்போகவில்லை என்று மூன்று வாரம் அக்கம்பக்கத்தில் பெருமை பேசினேன். வாசலில் அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வரும் அம்மாள்தான் ‘இதுக்கும் சர்க்கரையா?’ என்று கேட்டார். அதற்குள் மணியின் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

மோட்டார் ஓடவில்லை. உங்களுக்கு விற்றால் அடுத்த மாதம் என்னைப் பற்றியே புகார் எழுதுவீர்கள்.