ரோடு பைக்கில் ஷாக்ஸ் வைக்கலாமா? வேலூர்ப் பக்கத்து ஓட்டிகளின் கேள்விகள்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் அதிர்வு, கைவலி, ஸ்பிரிங், டயர் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, முதல் ரோடு பைக் (மெல்லிய டயர் வைத்த வேகச் சைக்கிள்) வாங்கப் போகிறேன். ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் பாகம்) கீழே ஸ்பிரிங் வைத்த மாடல் பிடித்திருக்கிறது. "ஷாக்ஸ் இருந்தா அது ரோடு பைக்கே இல்லை" என்கிறார்கள் நண்பர்கள். அப்படியா?

இல்லை தம்பி. பிரான்சில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் 250 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குக் கருங்கல் பாவிய பாதை. அந்தப் பந்தயத்தை 1992, 1993 இரண்டு ஆண்டும் ஜில்பேர் டுக்லோ-லசால் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஷாக்ஸ் வைத்த ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) பொருத்திய சைக்கிளில்தான் ஜெயித்தார். இரண்டாவது முறை அவருக்கு வயது 38. 1994-இல் ஜெயித்த ஆந்திரே ச்மிலும் அதே வகை ஃபோர்க்தான். அப்புறம் 2012-இல் ட்ரெக் கம்பெனியின் டொமானே மாடலில் ஐசோஸ்பீடு என்ற அதிர்வு குறைக்கும் அமைப்பு வந்தது. 2016-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ரூபே மாடலில், ஸ்டெம்முக்குக் கீழே 20 மி.மீ. அசையும் ஃபியூச்சர் ஷாக் என்ற ஸ்பிரிங் வந்தது. எனவே ரோடு பைக்குக்கும் ஷாக்ஸுக்கும் உறவு புதிதல்ல.

நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்பிரிங் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். கடையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்திப் பாருங்கள். நீங்கள் சொல்லும் மாடலில் ஹேண்டில்பார் மட்டும் இறங்கும். ஃபோர்க், சக்கரம், ஃபிரேம் மூன்றும் அசையாமல் நிற்கும். அதனால் வளைவில் திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வண்டியின் குணம் மாறாது. அதிர்வு கைக்கு வருவது மட்டும் குறையும். ஃபோர்க்கிலேயே ஸ்பிரிங் இருந்தால் பிரேக் பிடித்ததும் மூக்கு தாழும், எடையும் ஏறும். கருங்கல் பந்தயத்துக்கு அது சரி. நம் தார்ச் சாலைக்கு முதல் வகைதான் பொருத்தம்.

ஆற்காடு, ஆசிரியர்: முன்பக்கம் ஷாக்ஸ் வைத்த ஹைபிரிட் சைக்கிள் வைத்திருக்கிறேன். வாலாஜா போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஃபோர்க்கை மாற்றலாமா?

மாற்றலாம் சார். விலை குறைந்த காயில் ஸ்பிரிங் ஃபோர்க் ஒன்றே சுமார் இரண்டரை கிலோ வரும். ரோடு பைக்கின் கார்பன் ஃபோர்க் அரைக் கிலோ சுமார்தான். எடையை விடுங்கள், எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடுகிறது. ஃபோர்க்கை அசையாமல் பூட்டும் லாக் இருந்தால் முதலில் அதைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் மாற்றுவதென்றால், பழைய ஃபோர்க்கின் உயரத்துக்குச் சமமான சாதா ஃபோர்க்காகப் பார்த்து வாங்குங்கள். உயரம் குறைந்தால் முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும்.

சத்துவாச்சாரி, வங்கி ஊழியர்: சார், 40 கி.மீ. தாண்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. என் எடை 62 கிலோ. 25 மி.மீ. டயர், கடைக்காரர் 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடிக்கச் சொன்னார். ஸ்பிரிங் வைத்த ஸ்டெம் வாங்கட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் மேடம். உங்கள் டயரில் காற்று மிக அதிகம். பக்கவாட்டில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் அதிகபட்ச அளவு. எல்லோரும் அதையே அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐயிலிருந்து ஆரம்பியுங்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய நம் தெருக்களில், கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் உங்களையும் வண்டியையும் சேர்த்து மேலே தூக்குகிறது. அப்படித் தூக்குவதில் போவது உங்கள் கால் பலம்தான். டயர் கொஞ்சம் நசுங்கினால் மேடு டயருக்குள்ளேயே அடங்கிவிடும். காற்று குறைந்தால் வேகம் குறையும் என்பது வழவழப்பான தரைக்குச் சொன்ன கணக்கு. நம் சாலையில் ஓரளவு வரை குறைத்தால் வேகம் கூடவே செய்யும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை, அவ்வளவு பேர் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள்.

ஃபிரேமில் இடம் இருந்தால் அடுத்த டயரை 28 ஆக வாங்குங்கள். அதில் முன்னால் 60, பின்னால் 65 போதும். ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். பள்ளத்தின் விளிம்பில் ரிம் இடித்தால் டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூபில் அப்படி ஜோடி ஓட்டை பார்த்தால் 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள். வேலூர் வெயிலையும் கணக்கில் வையுங்கள்: விடியற்காலை 25 டிகிரியில் 80 அடித்த டயர், 40 டிகிரி வெயிலில் 85-ஐ நெருங்கிவிடும்.

சுண்டு விரல் மரப்பது உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவதால். காற்றைக் குறைத்த பிறகும் இருந்தால் ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள், ஹேண்டில்பாரில் தடித்த பார் டேப் (பிடிக்குச் சுற்றும் பட்டை) சுற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள். ஸ்டெம் எல்லாம் அதற்கு அப்புறம். வண்டியை விட்டு இறங்கி மறுநாளும் மரப்பு போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குடியாத்தம், கடை வைத்திருப்பவர்: எனக்குக் கை பரவாயில்லை, இடுப்புதான் போகிறது. சஸ்பென்ஷன் சீட் போஸ்ட் (ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்த சீட் தண்டு) நல்லதா?

நல்லது. என் கணக்கில், டயருக்கு அடுத்துப் பணம் போட ஏற்ற இடம் அதுதான். நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹீரோ, அட்லஸ் வண்டிகளைப் பாருங்கள்: சீட்டுக்கு அடியில் கனத்த ஸ்பிரிங், 28 x 1½ டயர். அந்த டயரின் அகலம் ஏறக்குறைய 40 மி.மீ. அரிசி மூட்டையோடு மண் ரோட்டில் போனவர்களுக்கு என்ன தேவை என்று அந்த வண்டியைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போஸ்ட்டை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் அது சற்று இறங்கும். அதனால் சீட் உயரத்தை ஆள் உட்கார்ந்த நிலையில் அளந்து வையுங்கள். இல்லாவிட்டால் முட்டி வலி வரும். உள்ளே ரப்பர் கட்டை வைத்த வகை என்றால் வெயில் காலத்தில் கொஞ்சம் இளகும். சற்றுக் கெட்டியான கட்டையாகப் போடுங்கள்.

ஆம்பூர்: ஏலகிரி ஏறும்போது ஸ்பிரிங் சக்தியை வீணாக்காதா?

உட்கார்ந்து ஏறினால் ஹேண்டில்பார் ஸ்பிரிங் ஒன்றும் செய்யாது. எழுந்து நின்றால் லேசாக ஆடும், பழகிவிடும். எடைக்கு ஒரு கணக்கு: ஆளும் வண்டியும் 80 கிலோ, ஸ்பிரிங்கால் கூடுவது 300 கிராம் என்று வையுங்கள். ஒரு மணி நேர ஏற்றத்தில் அது பதினைந்து வினாடிகூட வராது. பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது கை நடுங்காமல் பிரேக்கில் நிற்கும் பாருங்கள், லாபம் அங்கேதான்.

ராணிப்பேட்டை, ஓய்வு பெற்றவர்: வயது 63, கழுத்துத் தேய்மானம். ஸ்பிரிங் வைத்த ரோடு பைக் வாங்கினால் குழுவில் கேலி செய்கிறார்கள்.

ஐயா, வாங்குங்கள். கழுத்து உங்களுடையது, சாலையும் நம் சாலை. தொடர்ந்து ஓட்ட வைக்கும் எதுவும் ரோடு பைக்கில் இருக்கத் தகுதியானதுதான். கேலி செய்பவர்களைக் கூட்டிக்கொண்டு சுங்கச்சாவடிக்கு முன்னால் போட்டிருக்கும் வரிவரியான வேகத்தடையின் மேல் ஒரு முறை போய் வாருங்கள், பேச்சு குறையும். டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: ட்ரெக் 2022-இல் டொமானேயை மாற்றியபோது முன்பக்க ஐசோஸ்பீடை எடுத்துவிட்டது, பின்பக்கத்தை வைத்துக்கொண்டது. டயருக்கு 38 மி.மீ. வரை இடம் கொடுத்தது. அகலமான டயரும் அதிர்வை வாங்கிக்கொள்ளும், எனவே எந்த மாடல் ஆனாலும் 32 மி.மீ. டயர் நுழையுமா என்று முதலில் கேளுங்கள். நுழையாவிட்டால் ஸ்பிரிங் இருந்தாலும் வேண்டாம்.

பாகாயம்: ரிப்பேர் வந்தால் இங்கே பார்க்க முடியுமா?

ஃபிரேமோடு சேர்ந்து வரும் அமைப்புகளுக்கு அந்தந்தக் கம்பெனி பாகம்தான் வேண்டும். வாங்குமுன் உதிரிபாகம் எங்கே கிடைக்கும், சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக மாட்டும் ரெட்‌ஷிஃப்ட் மாதிரி ஸ்டெம் என்றால் ஆலன் கீ போதும், வீட்டிலேயே கழற்றி எடைக்கு ஏற்ற ரப்பர் கட்டையை மாற்றலாம். திருப்பி முடுக்கும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். உங்களிடம் இல்லையென்றால் ஞாயிறு காலை வண்டியோடு வாருங்கள், என்னுடையதைத் தருகிறேன்.